மாமா கட்டிய அறைகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. புயல் கரையைக் கடந்தது. மேலே அணையைத் திறந்தார்கள். ஆறு கரையை மீறியது.

2. பாகூர் பக்கம் முழுக்க மின்சாரம் நின்றது. பின்னாலேயே செல்போன் டவர்களும் நின்றன.

3. பாகூரை ஒட்டிய செலியமேட்டில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டுப் பார்த்தோம். ஒருவர் எண்ணுக்கும் மணி போகவில்லை. அங்கே கல்யாணமாகிப் போன என் அக்காவின் எண்ணுக்கும் போகவில்லை.

4. மறுநாள் காலை, வில்லியனூரில் எங்கள் வீட்டில் அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அக்காவிடமிருந்து வழக்கம்போல அம்மாவின் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது. 'அம்மா எழுந்துட்டியா? மாத்திரை போட்டியா? நான் நல்லா இருக்கேன்.'

5. "பாத்தியா, என் பொண்ணு நல்லா இருக்கா" என்று அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு காபி குடித்தாள்.

6. நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். டவர் இல்லாத ஊரிலிருந்து மெசேஜ் வர வழியில்லை.

7. நான் அம்மாவின் செல்லை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன்.

ஏழாவதற்குப் பிறகு நடந்தது புரிய வேண்டுமென்றால் மாமாவைத் தெரிந்திருக்க வேண்டும். மாமா என்றால் அக்காவின் கணவர். அவர் சோறு சாப்பிடும் விதத்திலிருந்து தொடங்குகிறேன்.

அவர் இலையில் ஒன்று இன்னொன்றைத் தொடக் கூடாது. கல்யாணப் பந்தியில் பரிமாறியவர் அவசரத்தில் கூட்டை ஒட்டியே பச்சடியை வைத்துவிட்டார். மாமா கோபப்படவில்லை. அந்த இலையை எடுக்கச் சொல்லிவிட்டு வேறு இலை போடச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பெரியப்பா மகன், "இன்னா மாப்ள, நடுவுல காம்பவுண்டு சொவுரு எழுப்பிடலாமா? கொத்தனாரு இதே பந்தியிலதான் குந்திகினு இருக்காரு" என்றான். வரிசையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். நன்றாகச் சிரிக்கக் கூடியவர். சிரித்துக்கொண்டே கூட்டை ஒரு மூலையிலும் பச்சடியை எதிர் மூலையிலும் வைக்கச் சொன்னார்.

வீட்டில் அவருடைய சாவிகள் ஒரே வளையத்தில் இருக்காது. ஒவ்வொரு சாவிக்கும் ஓர் ஆணி. ஒவ்வொரு சார்ஜருக்கும் ஒரு டப்பா. மழைக்கோட்டு மாட்டும் கொக்கியில் அக்கா துண்டை மாட்டினால், மறுநாள் துண்டுக்கென்று புதிதாக ஒரு கொக்கி அடித்திருப்பார். திட்ட மாட்டார். "எடம் இல்லாமதான அங்க மாட்டுன? இப்ப எடம் இருக்குது பாரு" என்பார். அக்கா இதையெல்லாம் ஆரம்பத்தில் என்னிடம் போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னாள்.

எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. காரணம் என் லேப்டாப்.

பெண் பார்க்க வந்த அன்று நான் கடைசி வருடப் படிப்பில் இருந்தேன். இரண்டு சின்ன புரோகிராம்கள் எழுத வேண்டியிருந்தது. நாங்கள் ஸ்கிரிப்ட் என்போம். எந்த ஸ்கிரிப்டும் தனியாக ஓடாது. வேறு யாரோ எழுதி வைத்த துணை நிரல்கள் அதற்கு வேண்டும். என்னுடைய ஒரு ஸ்கிரிப்டுக்கு ஒரு துணை நிரலின் பழைய பதிப்பு வேண்டும், இன்னொன்றுக்கு அதே நிரலின் புதிய பதிப்பு. ஒன்றை ஓட வைத்தால் மற்றது படுத்துவிடும். வீடு நிறைய விருந்தாளிகள் இருக்க, நான் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கையில் கேசரித் தட்டோடு மாப்பிள்ளை வந்து நின்றார்.

"இன்னா இன்ஜினியரம்மா, பொண்ண உட்டுட்டு உன்னப் பாக்க வந்தா மாதிரி மொகத்த வச்சிருக்க?"

சொன்னேன். குனிந்து பார்த்தார்.

"ரெண்டு மருமவளயும் ஒரே அடுப்புல சமைக்க உட்டிருக்க. அப்பறம் சண்ட போடறாளுங்கன்னு அழுதா எப்படி? ஆளுக்கு ஒரு வூடு குடுத்துடு."

கேசரி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் தனியாக ஓர் இடம் ஒதுக்கி, அதற்கு வேண்டியதை அதற்குள்ளேயே கொண்டுவந்து போட்டார். இதில் இருப்பது அதற்குத் தெரியாது. அதில் இருப்பது இதற்குத் தெரியாது. இரண்டும் ஒரே லேப்டாப்பில் சத்தமில்லாமல் ஓடின. இது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், நல்ல பழக்கமும்கூட. எனக்கு அன்றைக்குத்தான் புரியும்படி ஒருவர் சொன்னார். "மாப்ள தங்கம்" என்று அம்மாவிடம் நான்தான் முதலில் சொன்னேன்.

செலியமேட்டிலும் அவருக்கு நல்ல பெயர். சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. மாதத்தில் ஓரிரு முறை போய் வருவார். ஊரில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுப்பார். கரும்பு வெட்டு முறை யாருக்கு எப்போது என்று செல்லில் தகவல் போகும். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வந்தால் கொல்லையில் இருப்பவருக்கு மணியடிக்கும். கோயில் கூழ் ஊற்றும் நாளை எல்லோருக்கும் அனுப்பும். எதற்கும் கைம்மாறு வாங்க மாட்டார். ஒரே ஒரு நிபந்தனை. "எனக்கு வேல சொல்றவங்க தனியா வந்து சொல்லணும். கூட்டமா வந்து சொல்லக் கூடாது."

கல்யாணமான கையோடு தனிக்குடித்தனம் வைத்தார். அவருடைய அப்பா அம்மா அதே ஊரில் நடுத்தெருவில் இருக்க, இவர் ஊர்க் கடைசியில், கரும்புக் கொல்லையை ஒட்டிப் புதிதாக மாடிப்படி வைத்த வீடு கட்டியிருந்தார். "மாமியார் பிக்கல் இல்ல, நாத்தனார் பிடுங்கல் இல்ல. குடுத்து வச்சவ" என்று எங்கள் தெருவே சொன்னது.

அந்த வீட்டுக்குப் பொருள்கள் வந்துகொண்டே இருந்தன. எதிர்வீட்டு செல்வி அக்கா ஒருமுறை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். செல்வி அக்கா நாற்பதைத் தாண்டியவள், நூறு நாள் வேலைக்குப் போகிறவள், வாய் ஓயாதவள்.

"உங்கக்கா வந்த புதுசுல கறிவேப்பில கேட்டு எங்க வூட்டுக்கு வரும். நின்னு நாலு வார்த்த பேசும். ஒரு நாளு பாத்தா உங்க மாமா தொட்டியோட செடியே வாங்கியாந்து வச்சிட்டாரு. மாவு அரைக்க வந்துகினு இருந்துச்சி, கிரைண்டரு வந்துடுச்சி. நான் இன்னா அந்தப் பொண்ண முழுங்கவா போறேன்?"

"உங்க வாய்க்குப் பயந்துதான் மாமா வாங்கியிருப்பாரு" என்றேன்.

"அய்ய, போடி!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். இருவரும் சிரித்தோம்.

பிறகு பாகூரில் தையல்காரம்மாவிடம் ரவிக்கை தைக்கப் போவதும் நின்றது. தையல் மெஷின் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது நின்றது. பூஜை அறைக்குப் பளிங்குக் கல் பதித்தார். பேருந்து ஏறி எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. அக்காவுக்குப் பிடித்த எங்கள் தெரு முனைக் கடை முறுக்கு, பொட்டலம் பொட்டலமாக அங்கே இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே அன்பு. மனைவிக்குக் கிரைண்டர் வாங்கிக் கொடுத்தார் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்ல முடியும்?

எனக்கு முதலில் உறைத்தது ஒரு பொங்கலில்.

எங்களுக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. அதனால் பொங்கல் சீரை அம்மாவும் நானும்தான் கொண்டுபோவோம். பானை, மஞ்சள் கொத்து, கரும்பு, பூசணிக்காய், பச்சரிசி, அக்காவுக்குப் புடவை. பேருந்தில் கரும்பை ஏற்ற கண்டக்டரோடு சண்டை போட்டு, பாகூரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய் நின்றோம்.

உள்ளே, கூடத்தில், எல்லாம் இருந்தது. அதே அளவுப் பானை. மஞ்சள் கொத்து. கரும்பு. பூசணிக்காய். ஒரு தட்டில் புடவை. அம்மா எப்போதும் எடுக்கும் அதே கடைப் பையில், அம்மா எப்போதும் எடுக்கும் அரக்கு நிறத்தில்.

"நீங்க ஏம்மா பஸ்ல அலையறீங்க?" என்றார் மாமா. குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "எல்லாத்தையும் நானே வர வச்சிட்டேன். இனிமே வருசா வருசம் தானா வந்துடும்."

அம்மா தலையில் இருந்த கூடையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். மாமா எங்கள் கூடையைப் பக்குவமாகக் கையில் வாங்கினார். வாங்கிப் பின்பக்கம் மோட்டார் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்.

"அதோட இது கலந்துடக் கூடாது இல்ல" என்றார்.

மத்தியானம் கை கழுவப் பின்பக்கம் போனேன். அம்மா தேடித் தேடி வாங்கிய மஞ்சள் கொத்தின் இலை வெயிலில் துவண்டு கிடந்தது. அக்கா என் பின்னால் வந்து நின்றாள். நான் ஏதாவது சொல்வேனோ என்று பயந்த மாதிரி, "அவருக்கு அப்படித்தான்டி, எல்லாம் தனித்தனியா இருக்கணும்" என்றாள்.

அன்று சாயங்காலம்தான் மாமா தன் புதிய டூலை எனக்குக் காட்டினார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் அவரே இடம் ஒதுக்கி, வேண்டியதைக் கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம். ஸ்கிரிப்டின் தலையில் 'எனக்கு இன்னின்னது வேண்டும்' என்று எழுதிவிட்டால் போதும். ஓடும்போது அது தனக்கு ஓர் அறை கட்டிக்கொள்ளும், வேண்டியதைத் தானே வரவழைத்துக்கொள்ளும், கதவைச் சாத்திக்கொண்டு வேலையை முடிக்கும்.

"வெளியில இடி உழுந்தாலும் உள்ள இருக்கறதுக்குத் தெரியாது. அதான் இதோட அழகே" என்றார். "இப்ப எல்லாத்தயும் வெளிநாட்டு சர்வர்ல வாடகைக்கு ஏத்திட்டேன். இங்க கரண்டு இல்லன்னாலும் அது பாட்டுக்கு ஓடும்."

"ஒண்ணுக்கு இன்னொண்ணு ஏதாவது சொல்லணும்னா மாமா?"

புரியாமல் பார்த்தார். "இன்னாத்துக்குச் சொல்லணும்?"

"ஒரே விஷயத்தப் பத்தி ரெண்டும் வேற வேற மாதிரி முடிவு எடுத்தா?"

"எடுத்தா எடுத்துட்டுப் போவுது. ரெண்டும் பாத்துக்காத வரைக்கும் சண்டயே வராது" என்றார். என் தலையில் லேசாகத் தட்டினார். "உன் லேப்டாப்ல பாத்த இல்ல?"

அந்தப் பொங்கலுக்குப் பிறகு நாங்கள் போவது குறைந்தது. அக்கா போனில் பேசினால் ஸ்பீக்கரில் பேசுகிற எதிரொலி கேட்கும். நாலு வார்த்தைக்கு மேல் போகாது. ஆனால் காலை மெசேஜ் மட்டும் தவறவே இல்லை. அம்மா எழுந்தாளா, மாத்திரை போட்டாளா, தான் நன்றாக இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா மறதிக்காரி. வெளியூர் போனால் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லக்கூட மறப்பாள். "பாரேன், குடும்பம் ஆனதும் எவ்ளோ பொறுப்பு" என்று அம்மா அந்த மெசேஜைத் தெருவில் எல்லோரிடமும் காட்டினாள். அவளுக்கு நாள் தொடங்குவதே அதில்தான்.

அந்த மெசேஜை வைத்துக்கொண்டுதான் புயலுக்கு மறுநாள் காலை நான் சமையல்கட்டில் நின்றேன்.

பாகூர் ஏரிக்கரை வரை ஸ்கூட்டி போனது. அதற்கு மேல் சாலை தெரியவில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ஒரு டிராக்டர் செலியமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் என்னைப் பார்த்து, "யம்மா, அத ஓரமா உட்டுட்டு ஏறு. அது இன்னா படகா, மொதக்கறதுக்கு?" என்றார். டிரெயிலரில் ஏறிக்கொண்டேன். இரண்டு பக்கமும் கதிர் வந்த நெல் தண்ணீருக்குள் இருந்தது.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஊர் ஜனம் தங்கியிருந்தது. வராந்தாவில் ஈரத்துணிகளுக்கு நடுவே செல்வி அக்காவைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. எதிர்வீடு வந்திருந்தால் அக்காவும் வந்திருப்பாள்.

"அக்கா எங்க, செல்விக்கா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாம்மா இது. உங்க அக்கா உங்க வூட்லதான இருக்குது?"

"எங்க வீட்லயா?"

"உங்க மாமா சென்னைக்குப் போயிருக்காரு, நான் அம்மா வூட்டுக்குப் போறேன்னு உங்கக்கா முந்தாநாளு மெசேஜ் போட்டுச்சே. தெரு லேடீஸ் குரூப்புல."

செல்லை எடுத்துக் காட்டினாள். சார்ஜ் கடைசி மூச்சில் இருந்தது. அக்காவின் எண்ணிலிருந்துதான். 'ரெண்டு நாள் அம்மா வூட்டுக்குப் போறேன். யாரும் கதவ தட்ட வேண்டாம்.' மேலே தள்ளிப் பார்த்தேன். அதே வரி, எழுத்து மாறாமல், மாமா ஊருக்குப் போன ஒவ்வொரு முறையும் இருந்தது. அந்த நாள்களில் ஒன்றில்கூட அக்கா எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

எங்களுக்கு வந்த மெசேஜ், அக்கா செலியமேட்டில் நன்றாக இருக்கிறாள் என்றது. செலியமேட்டுக்கு வந்த மெசேஜ், அக்கா வில்லியனூரில் இருக்கிறாள் என்றது. இரண்டும் மாமா கட்டிய தனித்தனி அறையில் எழுதப்பட்டவை. அம்மாவின் செல்லும் செல்வி அக்காவின் செல்லும் ஒருவர் கையில் சேரும் வரை இரண்டுக்கும் சண்டையே வரவில்லை.

செல்வி அக்காவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, நேத்து சாயந்தரம் அந்த வூட்டு முன்னாலயேதான போட்ல ஏறுனேன். லைட்டு இல்ல, கதவு சாத்தியிருந்துது. ஆளு இல்லன்னு போட்டுக்காரர்கிட்ட நான்தான்டி சொன்னேன்."

டிராக்டர் தெருமுனை வரைதான் போனது. அதற்கப்பால் தொடைக்கு மேல் தண்ணீர். கரும்புக் கொல்லைப் பக்கமிருந்து இழுப்பு இருந்தது. டிராக்டர்காரர் கயிற்றை வண்டியில் கட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நானும் செல்வி அக்காவும் கயிற்றைப் பற்றிக்கொண்டு பின்னால் போனோம். முன்கதவைத் தட்டினேன், கத்தினேன். உள்ளே யாரோ குரல் கொடுத்தது கேட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பூட்டு இல்லை, தாழ்ப்பாள்கூட இல்லை.

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே மூன்றாவது படியில் தண்ணீர் நின்றது. பக்கத்துப் படிகளில் அரிசி மூட்டை, தண்ணீர் கேன், பிஸ்கட், மெழுகுவர்த்தி. மடியில் தட்டு. தட்டின் ஒரு ஓரத்தில் தயிர்ச் சோறு, எதிர் ஓரத்தில் ஊறுகாய்.

"பவியா?" என்றாள். "நீ எப்படிடி வந்த? ரோடெல்லாம் தண்ணியா இருக்குமே."

"ஏன்க்கா வெளிய வரல நீ?"

"யாரும் கூப்புடலியே."

"போட் வந்துது, ஊரே போச்சு. சத்தம் கேக்கலியா?"

"கேட்டுது. அவரு ஊருக்குப் போனா முன்கதவ தொறக்கக் கூடாது, வாசல்ல லைட்டு போடக் கூடாது. திருட்டு பயம் இல்ல?" மடியில் இருந்த தட்டைப் படியில் வைத்தாள். "தட்டுவாங்கன்னு இருந்தேன். செல்விக்காவாவது தட்டும்னு இருந்தேன். தட்டாமயே எல்லாரும் போயிட்டாங்க. சரி, நம்ம மேல யாருக்கோ கோவம்போலன்னு நெனச்சேன்."

செல்வி அக்கா தண்ணீரில் நின்றபடியே அழுதாள். "எனக்கு இன்னாடி உன்மேல கோவம்!"

கிளம்பும்போது அக்கா கூடத்தில் நின்றுவிட்டாள். "முன்பக்கமாவா போறது?" என்று கேட்டாள். செல்வி அக்கா முன்கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். ஈரத்தில் உப்பியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தாள்.

டிரெயிலரில் வரும்போது அக்கா என்னிடம் சொன்னாள். காலை மெசேஜ் அவளுக்குத் தெரியும். முதலில் அவளே அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மறந்தபோது அம்மா பதறிப்போனாள். அதன் பிறகு, "நீ எதுக்கு இத ஞாபகம் வச்சிகினு கஷ்டப்படணும்" என்று மாமா தானாகப் போகிற மாதிரி செய்துவிட்டார். அம்மா எழுதும் பதிலையும் அவரே பார்த்துக்கொண்டார். குரூப்பில் போனது மட்டும் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அந்த குரூப் இருப்பதே தெரியாது.

தண்ணீர் வடிந்த பிறகு மாமா வில்லியனூர் வந்தார். செருப்பை எங்கள் செருப்புகளிலிருந்து தள்ளிக் கழற்றி வைத்தார். கூடத்தில் அம்மாவும் அக்காவும் ஒரே தட்டில் மீன் குழம்பு போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் பேசாமல் என்னிடம் பேசினார்.

"தப்பு என்னுதுதான் பவி. நான் ஊருக்குப் போற தேதிய எடுக்கற ஸ்கிரிப்டு, மழ வெள்ளத்தப் பாக்கல. அதுக்குள்ள வானிலையையும் சேக்கணும். அடுத்த தடவ இப்படி ஆவாது."

"ரெண்டுமே பொய் மாமா."

"தனித்தனியா இருந்த வரைக்கும் யாருக்கு இன்னா கொறச்சல்? அத்த நிம்மதியா இருந்தாங்க. தெருவுல இருக்கறவங்க நிம்மதியா இருந்தாங்க. நீதான் ரெண்டயும் ஒண்ணா வச்சிப் பாத்த." குற்றம் சாட்டும் குரல் இல்லை. என் லேப்டாப்பைப் பார்த்துச் சொன்ன அதே பொறுமை.

அக்கா தலை நிமிராமல், "நான் நிம்மதியா இருந்தனா?" என்று கேட்டாள்.

மாமா அவளை அப்போதுதான் பார்த்தார். "உனக்கு அங்க எது இல்ல, சொல்லு. இப்பவே வர வைக்கிறேன்."

அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். அக்கா குழம்பில் ஊறிய சோற்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அம்மா எழுந்து போய்க் கதவருகே நின்றாள். வெளியே போகச் சொல்லவில்லை. நின்றாள், அவ்வளவுதான். மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு, "எல்லாம் அங்க அப்படியேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதைய நிலை இது. அக்கா எங்களோடு இருக்கிறாள். திரும்பிப் போவதில்லை என்று வக்கீலிடம் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது, இருந்தாலும் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கி வருகிறாள். ஒரு கொத்து வாங்கப் போனால் திரும்பி வர நேரமாகிறது. நான் வேலைக்குப் போகிறேன். அலுவலகத்தில் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் தனி இடம்தான் ஒதுக்குகிறேன். அந்த முறையில் தவறு இல்லை.

அக்காவின் செல் அந்த வீட்டில் கிடக்கிறது. எண் மாமாவின் பெயரில் இருக்கிறது. காலை மெசேஜ் இன்னும் வருகிறது. மகள் பக்கத்தில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருக்க, அம்மாவின் செல்லில் மகள் நன்றாக இருப்பதாக வருகிறது. அந்த எண்ணைத் தடுக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதே வரிகள் வரும் வரை அது தானாக ஓடுகிறது என்று அர்த்தம். மாறினால் மாமா அதில் கை வைத்திருக்கிறார் என்று தெரியும்.

நேற்று வரை மாறவில்லை. இன்று காலை கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது: 'பவி வேலைக்குக் கெளம்பிட்டாளா?'